பி.ஜி.டீ.: மூன்றெழுத்துச் சொல்வேட்டை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் நின்று பேசவேண்டிய இம்மேடையில், பள்ளி இறுதித் தேர்வோடு ஏட்டுக்கல்வியை முடித்துக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் கழிக்கும் எம்மை நிறுத்தியிருக்கிறீர்கள். காப்பியங்களைப் பற்றிப் பேச எமக்குத் தகுதி இல்லை. எழுத்தைப் பார்த்து எழுத்தை எழுதுவதே எம் பிழைப்பு. ஆதலின் எழுத்துகளைப் பற்றியே பேசத் துணிந்தோம்.

நம் குடியிருப்பில் சின்னாட்களாக ஒரு விளையாட்டுப் பரவி வருகிறது. சில ஆங்கில எழுத்துகளைக் கொடுத்து, 'இவையெல்லாம் அடங்கிய சொற்களைக் கண்டுபிடி' என்பார்கள். பள்ளியில் வீட்டுப்பாடமாகத் தருகிறார்கள். நாளிதழ்களில் கட்டம் போட்டுக் கேட்கிறார்கள். ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டறியும் 'வேர்டில்' என்னும் ஆட்டத்தை ஜாஷ் வார்டில் என்பவர் 2021ஆம் ஆண்டு உலகுக்குத் திறந்துவிட்டார். மறு ஆண்டே நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதனை விலைக்கு வாங்கிக்கொண்டது. இன்று பாலக்காட்டுக்கும் கோவைக்கும் இடையே வண்டியில் போகும் இளைஞர் பலர் கைப்பேசியில் இத்தகைய ஆட்டங்களில் மூழ்கியிருக்கக் காண்கிறோம்.

இதனைக் கண்ட பெற்றோருள் சிலர் ஒரு முடிவுக்கு வந்திருக்கின்றனர். 'ஆங்கிலச் சொல் அகப்படாமல் பிள்ளை விழிக்கிறான். தமிழ் இலக்கணத்தில் செலவிடும் நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் என்ன? ஞாயிறுதோறும் சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டு ஆங்கில வகுப்பு வைக்கலாகாதா?' என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் குற்றம் இல்லை. மலையாள நாட்டில் வாழும் தமிழ்க் குழந்தை மூன்று எழுத்து வரிவடிவங்களைச் சுமக்கிறது. பாரம் குறையட்டும் என்று பெற்றோர் நினைப்பது இயல்பே. ஆனால், இறக்கி வைக்க நினைக்கும் அந்தப் பாரமே வேட்டைக்கு வேண்டிய வில் என்றால் என்ன செய்வது? அதைத்தான் இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

நம் தலைமேல் உள்ள மூன்றெழுத்து

தொலைவில் உள்ள எழுத்துகளைத் தேட வேண்டா. பாலக்காடு சந்திப்பு நிலையத்தின் குறியெழுத்தையே எடுத்துக்கொள்வோம். ஒலவக்கோடு என்று முன்னாளில் பெயர் பெற்றிருந்த அந்நிலையத்துக்குப் பயணச்சீட்டிலும் பொட்டலங்களிலும் உள்ள குறி பி.ஜி.டீ. என்பதாகும்.

முதலில் ஒரு தெளிவு. ஆங்கிலத்தில் வேறுபட்ட இரண்டு எழுத்துகள் நம் காதில் ஒன்றாகவே ஒலிப்பதுண்டு. ஆதலின் இவ்வுரையில் 'பி' எனின் பாலக்காட்டின் பி. பம்பாயின் பி அன்று. 'டீ' எனின் மூணாற்றுத் தேயிலையின் டீ. 'டி' எனின் டாக்டரின் டி.

ஆங்கிலேயர் நாவில் பாலக்காடு 'பால்காட்' ஆயிற்று. அச்சொல்லின் எழுத்துகளிலிருந்து பொறுக்கியெடுத்தவையே பி, ஜி, டீ. 1990ஆம் ஆண்டளவில் கேரள அரசு ஊர்களின் சொந்தப் பெயர்களை ஆங்கிலத்திலும் மீட்டது. பால்காட் மீண்டும் பாலக்காடு ஆயிற்று. குறி மட்டும் மாறவில்லை. கொல்லத்தின் குறி இன்றும் குயிலானை நினைவூட்டும் கியூ.எல்.என்.; கோழிக்கோட்டின் குறி காலிகட்டை நினைவூட்டும் சி.எல்.டீ.; சென்னை சென்ட்ரல் நிலையத்தின் குறி மதராசை நினைவூட்டும் எம்.ஏ.எஸ். பெயர்ப்பலகைகள் மாறின, குறிகள் பழைய பெயர்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

இக்குறிகள் தந்தி வழங்கிய நாளின் பிள்ளைகள். ஓர் எழுத்தை அனுப்பச் சில தட்டுகள் தட்ட வேண்டும். பெயர் முழுவதையும் தட்டிக்கொண்டிருந்தால் வண்டி அடுத்த நிலையத்துக்கே போய்விடும். ஆதலின் பெயரைச் சுருக்கினர். பொதுமக்களுக்கான தந்திப்பணி நம் நாட்டில் 2013 ஜூலையோடு முடிந்துவிட்டது. குறிகள் கணிப்பொறிக்குள் குடிபுகுந்து இன்றும் வாழ்கின்றன. அவற்றில் ஓரெழுத்து பிசகினால் என்ன ஆகும்? பாலக்காடு பி.ஜி.டீ.; போத்தனூர் பி.டீ.ஜே. ஒரு மூட்டையின்மேல் முன்னதற்கு ஈடாகப் பின்னதை எழுதினால், வாளையாற்றைத் தாண்டி வரவேண்டிய சரக்கு அங்கேயே இறங்கிவிடும். எழுத்து என்பது எம்மனோர்க்கு விளையாட்டு மட்டுமன்று.

ஒன்றைக் கவனியுங்கள். பி.ஜி.டீ., கியூ.எல்.என்., சி.எல்.டீ., கொல்லங்கோட்டின் கே.எல்.ஜி.டி., ஷொரனூரின் எஸ்.ஆர்.ஆர். ஆகிய இவற்றுள் உயிரெழுத்து ஒன்றேனும் உண்டா? இல்லை. சுருக்கியவர்கள் மெய்யை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டார்கள். சொல்வேட்டை என்பது அம்மெய்களுக்கு மீண்டும் உயிர் ஊட்டுவதேயாகும்.

வேட்டை நடத்தும் வழி

பி, ஜி, டீ ஆகிய மூன்றும் எவ்வரிசையிலேனும் அடங்கிய ஆங்கிலச் சொற்கள் எவை? எம் வீட்டுக்கு வரும் சிறுவர்களிடம் இதனைக் கேட்டபோது, பெரும்பாலோர் ஒரே வழியில் முயன்றனர். பி என்று தொடங்கும் சொற்களை ஒவ்வொன்றாக நினைத்து, அதில் ஜி உண்டா, டீ உண்டா என்று தேடினர். நெல் மூட்டையைக் கொட்டி ஒரே ஒரு கல்லைத் தேடுவது போன்றது இது. சிறிது நேரத்தில் களைத்துப் போவார்கள்.

வேறு வழி உண்டு. எழுத்தைத் தனியே தேடாமல், அவ்வெழுத்து எந்தக் கூட்டத்தில் வழக்கமாகத் திரியும் என்று கேட்க வேண்டும். யானை தனியே வந்தாலும் அதன் தடம் தெரிந்தவன் கூட்டம் இருக்கும் இடத்தை அறிவான்.

ஜி என்னும் எழுத்து ஆங்கிலத்தில் எங்கே மிகுதியாகத் திரிகிறது? முதலாவது, தொழிற்பெயராகவும் நிகழ்காலத் தொடராகவும் வரும் 'இங்' என்னும் ஈற்றில். அந்த ஈற்றைப் பிடித்துக்கொண்டால் ஜி கைக்கு வந்துவிடும். பி, டீ இரண்டை மட்டும் தேடினால் போதும். டைப்பிங், பிரிண்டிங், பெயிண்டிங், பாயிண்டிங், போஸ்டிங், ஸ்டாப்பிங், ரிப்போர்டிங் எனக் கொத்தாக வந்து விழும்.

இரண்டாவது, 'ஏஜ்' என எழுதி 'இஜ்' என ஒலிக்கும் ஈறு. அதில் அஞ்சற் கட்டணமாகிய போஸ்டேஜ் அகப்படும்; நூற்றுக்கு இவ்வளவு என்னும் பர்சன்டேஜ் அகப்படும்.

மூன்றாவது, எழுதுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த 'கிராஃப்'. இதிலேயே ஜி, பி இரண்டும் உள. டீ ஒன்றே வேண்டும். ஒளியால் எழுதுவது போட்டோகிராஃப். தானே எழுதும் கையொப்பம் ஆட்டோகிராஃப். தொலைவில் எழுதுவது டெலிகிராஃப். பார்த்தீர்களா? எந்தத் தந்திக்காகப் பாலக்காட்டின் பெயர் சுருங்கியதோ, அந்தத் தந்தியின் ஆங்கிலப் பெயருக்குள்ளேயே நம் மூன்றெழுத்தும் தலைகீழ் வரிசையில் டீ, ஜி, பி என்று ஒளிந்திருக்கின்றன.

நான்காவது வாயில் நம் காதுக்குப் புலப்படாதது. லைட், நைட், ரைட் என்னும் சொற்களை நாம் தமிழில் எழுதும்போது அவற்றில் ஜி இருப்பதாகவே தெரியாது. ஆங்கிலத்தில் அவற்றின் ஈற்றில் ஜி, எச், டீ என மூன்றெழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு காலத்தில் அந்த ஜி-எச் தொண்டையிலிருந்து எழும் ஒலியாக ஒலித்தது. நைட்டுக்கு உறவான ஜெர்மன் சொல் 'நாஹ்ட்' என இன்றும் அவ்வொலியோடு வழங்குகிறது. ஆங்கிலேயர் ஒலியை விட்டார்கள், எழுத்தை விடவில்லை. இந்த ஈற்றுக்கு முன் ஒரு பி சேர்த்தால் நிமிர்ந்து நிற்பதாகிய அப்ரைட், பதிப்புரிமையாகிய காப்பிரைட், நாடக ஆசிரியராகிய பிளேரைட், மேடைமேல் வீழும் ஒளியாகிய ஸ்பாட்லைட், இக்கட்டான நிலையைக் குறிக்கும் பிளைட் ஆகியவை வரும். வானத்தில் பறக்கும் ஃபிளைட் வாராது; அதில் பி இல்லை.

இவ்வாறு நான்கு வாயில்களில் பதினேழு சொற்களைப் பிடித்துவிட்டோம். அகராதியை மனப்பாடம் செய்யவில்லை. எந்த எழுத்து எந்த எழுத்தோடு கூடும், எது எங்கே நிற்கும் என்று மட்டுமே கேட்டோம்.

எண்ணிப் பார்த்தவர்கள்

இதனை மேல்நாட்டார் தொழிலாகவே செய்திருக்கின்றனர். மோர்சுடன் சேர்ந்து தந்திமுறையை உருவாக்கிய ஆல்ஃபிரட் வெயில், அச்சுக்கூடத்தில் எந்த எழுத்துக்கு எத்தனை அச்சுகள் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார் என்பர். மிகுதியாக வழங்கும் 'இ' என்னும் ஆங்கில எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி; டீக்கு ஒரே ஒரு கோடு. அரிதாக வரும் எழுத்துகளுக்கு நீண்ட குறிகள்.

நியூயார்க்கில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், 1930களில் நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணி ஓர் ஆட்டம் அமைத்தார். 1948இல் அதற்கு 'ஸ்கிராபிள்' என்று பெயர் வந்தது. நூறு வில்லைகள் கொண்ட அவ்வாட்டத்தில் 'இ' பன்னிரண்டு வில்லைகளில் உண்டு, கியூ ஒன்றே. நம் மூன்றெழுத்தில் டீக்கு ஆறு வில்லைகள், ஜிக்கு மூன்று, பிக்கு இரண்டு. ஆதலின் வேட்டையில் டீயைப் பற்றிக் கவலைப்பட வேண்டா. அது தானே வரும். அரிதானதை முதலில் பிடிப்பவனே விரைவில் முடிப்பான். கல்யாணப் பந்தியில் இலை கிடைப்பது அரிதா, உப்புக் கிடைப்பது அரிதா என்று அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

நன்னூல் தரும் வில்

இனி நம் வீட்டுச் செல்வத்துக்கு வருவோம். எது முதலில் நிற்கும், எது ஈற்றில் நிற்கும், எதனோடு எது கூடும் என்னும் இம்மூன்று கேள்விகளை முதன்முதலில் நமக்குக் கற்பித்தவர் யார்? பட்ஸ் அல்லர், வெயில் அல்லர். தொல்காப்பியர் கேட்டார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் அவற்றை மேலும் ஒழுங்கு செய்தார்.

மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் இருபத்திரண்டு என்கிறது நன்னூல். ஈற்றில் வருவன இருபத்து நான்கு. இடையில் எந்த மெய்யோடு எந்த மெய் கூடும் என்பதே மெய்ம்மயக்கம். க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்மோடு தாமே கூடும், பிறவற்றோடு கூடா. ர், ழ் இரண்டும் பிறவற்றோடு கூடும். தம்மோடு தாம் கூடா. இதனைப் படித்த பிள்ளை 'பக்தி' என்ற சொல்லைக் கண்டவுடன் இது வெளியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடும். ஏனெனின் ககர மெய்யின்பின் தகரம் நிற்கிறது. 'பத்தி' என்று நம் முன்னோர் அதனை மாற்றி எழுதிய காரணமும் அதற்கு விளங்கும்.

எம் தொழிலிலேயே இதற்குச் சான்று உண்டு. 'ரயில்' என எழுதாமல் 'இரயில்' என எழுதுகிறோம். ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது விதி. டகரமும் முதலில் வாராது. ஆதலின் டிக்கெட்டைப் பயணச்சீட்டு என்கிறோம். இரண்டு மெய்யொலிகள் கூடிச் சொல்லைத் தொடங்குவதும் தமிழில் இல்லை. நம் பாட்டிமார் 'இஸ்கூல்' என்றும் 'இஸ்டேசன்' என்றும் சொல்லும்போது பேரப்பிள்ளைகள் நகைக்கின்றனர். நகைக்கலாகாது. அவர்கள் நாவில் நின்று பேசுவது அறியாமை அன்று, மொழிமுதல் இலக்கணம்!

இதே கண்ணோடு ஆங்கிலத்தைப் பாருங்கள். அங்கும் மொழிமுதலும் ஈறும் மயக்கமும் உண்டு. கியூவை அடுத்து யூ வரும். ஜே பெரும்பாலும் ஈற்றில் நில்லாது. வி ஈற்றில் தனித்து நிற்க அஞ்சி 'இ'யைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். கிவ், லவ், ஃபைவ், ஹேவ் ஆகியவற்றை எழுதிப் பாருங்கள். மூன்று மெய்யொலிகள் கூடிச் சொல்லைத் தொடங்கினால் முதல் ஒலி எஸ்ஸாகவே இருக்கும். ஸ்பிரிங், ஸ்டிரிங், ஸ்குரூ.

தமிழ் விதி ஆங்கிலத்துக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்பர். விதி பொருந்தாது, விதியைத் தேடும் பழக்கம் பொருந்தும். நீந்தக் கற்றவன் பாரதப்புழையில் கற்றால் என்ன, பெரியாற்றில் கற்றால் என்ன? ஓர் ஆற்றின் சுழி மற்றோர் ஆற்றில் இல்லை. ஆயினும் சுழி உண்டா என்று பார்த்து இறங்கும் அறிவு எங்கும் உதவும். ஒரு மொழியிலேனும் எழுத்துகளின் உறவைக் கசடறக் கற்ற பிள்ளைக்கு மற்றொரு மொழியின் உறவு விரைவில் பிடிபடும். ஒன்றிலும் கல்லாத பிள்ளை இரண்டிலும் மூட்டையைக் கொட்டித் தேடிக்கொண்டிருக்கும்.

முன்னோர் ஆடிய ஆட்டம்

எழுத்து விளையாட்டு ஆங்கிலேயர் கொண்டுவந்தது என்று எண்ண வேண்டா. குறுக்கெழுத்துப் புதிர் நியூயார்க்கு நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் என்பவரால் 1913 டிசம்பர் 21ஆம் நாள் தோன்றியது. நம் தண்டியலங்காரம் 12ஆம் நூற்றாண்டின் நூல். அதன் சொல்லணிப் பகுதியில் சித்திரகவிகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருவது மாலைமாற்று. கேட்ட வினாக்களின் விடைகளைக் கூட்டினால் ஒரு பெயர் வருவது வினாவுத்தரம். ஓரெழுத்துச் சொல்லில் தொடங்கி எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் புதுச்சொல் காண்பது எழுத்து வருத்தனம். எழுத்தைக் குறைத்துக் குறைத்துப் புதுச்சொல் காண்பது அக்கரச் சுதகம்.

எழுத்து வருத்தனத்துக்கு எளிய எடுத்துக்காட்டு ஒன்று தருகிறோம். மா, மாடு, மாநாடு. மாநாட்டில் முதலெழுத்தை நீக்கினால் நாடு மிஞ்சும். நடுவெழுத்தை நீக்கினால் மாடு மிஞ்சும். மாநாடு நடத்துவோர் எந்த எழுத்தை நீக்குகிறோம் என்பதில் விழிப்பாக இருக்க வேண்டும்! ஆங்கிலத்தில் இதே ஆட்டம் ஆடலாம். செடியாகிய பிளாண்ட் என்பதில் டீயை நீக்கினால் பிளான். எல்லை நீக்கினால் பான். பியை நீக்கினால் ஆன். என்னை நீக்கினால் 'ஏ' ஒன்றே எஞ்சும். இது ஆங்கில அக்கரச் சுதகம் அன்றோ?

'இ' என்னும் எழுத்தே வாராமல் ஏறத்தாழ ஐம்பதாயிரம் சொற்களில் 'காட்ஸ்பி' என்னும் நெடுங்கதையை எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் 1939இல் வெளியிட்டார் என்று வியப்பார்கள். துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் 17ஆம் நூற்றாண்டிலேயே, உதடு ஒட்டும் எழுத்துகள் வாராமல் திருச்செந்தூர் முருகன்மீது நிரோட்டக யமகவந்தாதி பாடிவிட்டார்.

எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடும் கருவியும் நம்மிடம் இருந்தது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. இரண்டாம் எழுத்து இன்னது எனத் தெரிந்தால் சொல் கிடைக்கும். 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்றான தொடையகராதியும் எதுகை தேடுவோர்க்காக அமைந்ததே. 'இந்த எழுத்து இந்த இடத்தில் வரும் சொற்களைத் தா' என்று இன்று கணிப்பொறியைக் கேட்கிறோமே, அக்கேள்விக்கு அன்றே ஏட்டில் விடை இருந்தது.

பாலக்காடு என்னும் பெயரையே எடுத்து உயிரையும் மெய்யையும் பிரித்துப் பாருங்கள். ப், ஆ, ல், அ, க், க், ஆ, ட், உ என ஒன்பது எழுத்துகள். இவற்றைக் கொண்டு பால் வரும்; காடு வரும். அவை வெளிப்படை. பாக்கு வரும், பாகல் வரும், பாகு வரும், பாடல் வரும். பால் தோன்றும், பாக்குத் தோன்றும், பாடல் தோன்றும் ஊரில் வாழ்கிறோம் என்பது அவ்வெழுத்துகளைப் பிரித்த பிறகே தெரிகிறது. உயிர்மெய்யைப் பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு இச்சொற்கள் அகப்படா.

இரயில் இல்லாத இடுக்கி

இங்குக் கூடியிருப்போருள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்தவர் பலர். தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களின் மலைத்தோட்டங்களில் வேர்விட்ட குடும்பத்தாரும் உளர். அவர்கள், 'எங்கள் மாவட்டத்தில் இரயிலே இல்லையே. எங்களுக்கு ஏது குறியெழுத்து?' என்று கேட்கக்கூடும்.

இன்று இல்லை, ஒரு காலத்தில் இருந்தது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே தேயிலையை ஏற்றிச்செல்ல 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908இல் சிறு இரயில் பாதையும் அமைந்தன. மலையுச்சியில் முடிந்த அப்பாதையிலிருந்து கம்பிவழியாகச் சரக்கு கோட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் சேர்ந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை அழித்துவிட்டது. தண்டவாளம் போயிற்று, எல்லையில் நிற்கும் 'டாப் ஸ்டேஷன்' என்னும் ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சியது.

அந்த ஸ்டேஷன் என்னும் சொல்லின் ஏழு எழுத்துகளைக் கொண்டு என்னென்ன சொற்கள் அமையும்? சுட்ட ரொட்டியாகிய டோஸ்ட் வரும். பட்டுத்துணி வகையாகிய சாட்டின் வரும். கறையாகிய ஸ்டெயின் வரும். புனிதராகிய செயிண்ட் வரும். நாடு என்னும் பொருளுடைய நேஷன் வருமா? வரும் போலவே காதுக்குத் தோன்றும்; வாராது. நேஷனுக்கு 'என்' என்னும் எழுத்து இரண்டு வேண்டும்; ஸ்டேஷனில் ஒன்றே உண்டு. காதை நம்பிப் போனால் ஏமாற்றமே. கண் எண்ண வேண்டும்.

இனித் தோட்டத்தைக் குறிக்கும் பிளாண்டேஷன் என்னும் சொல்லைப் பாருங்கள். அதன் பத்து எழுத்துகளில் செடியாகிய பிளாண்ட் இருக்கிறது. உடல் நோக உழைப்பதாகிய டாயில் இருக்கிறது. வலியாகிய பெயின் இருக்கிறது. கடனாகிய லோன் இருக்கிறது. முறையீடாகிய பிளெயிண்ட் இருக்கிறது. 'என்' இரண்டு உண்டாதலின் நேஷனும் இருக்கிறது! தலைமுறை தலைமுறையாகக் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இச்சொற்களின் பொருளை யாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. செடியும் உழைப்பும் வலியும் கடனும் எளிதில் கண்ணில் படும். நாடு என்னும் சொல்லை அவ்வெழுத்துகளிலிருந்து தேடி எடுக்கத்தான் கல்வி வேண்டும்.

எம் வேண்டுகோள்

'கைப்பேசியில் மூன்றெழுத்தை இட்டால் நூறு சொற்கள் நொடியில் வந்துவிடுகின்றனவே. பிள்ளை ஏன் தலையை உடைத்துக்கொள்ள வேண்டும்?' என்றும் கேட்கிறார்கள். உண்மை, வரும். ஆயினும் பிறன் பிடித்துக் கொடுத்த மீனைத் தின்றவனுக்கு மீன் திரியும் மடு தெரியாது. நாளை தேர்வுக் கூடத்திலோ, வேலைக்கான நேர்காணலிலோ, அறியாத சொல் ஒன்று எதிர்ப்படும்போது கைப்பேசி உடன் இராது. அச்சொல்லின் ஈற்றைக் கண்டு, வேரைக் கண்டு, பொருளை ஊகிக்கும் பழக்கமே உடனிருக்கும். டெலிகிராஃபில் கிராஃப் என்னும் வேரைக் கண்டுகொண்ட பிள்ளை, தான் படித்திராத வேறு கிராஃப் எதிர்ப்பட்டாலும் 'எழுத்தோடு உறவுடையது போலும்' என்று ஒரு படி ஏறி நிற்கும்.

ஆகவே சங்கத்தாரிடம் யாம் வேண்டுவன மூன்று.

முதலாவது, ஞாயிறு தமிழ் வகுப்பை நிறுத்தலாகாது. நம் கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுத வாய்ப்பு இருக்கிறது. எல்லைப்புறங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. அரசு தந்த வாயிலை நாமே அடைத்துக்கொள்ளலாமா? எழுத்தியலை மனப்பாடமாக ஒப்பிக்கச் செய்யாமல், விளையாட்டாகக் கற்பிப்போம். முதலெழுத்து, ஈற்றெழுத்து, மெய்ம்மயக்கம் மூன்றையும் பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்குமாறு சொற்களைக் கொடுப்போம்.

இரண்டாவது, அவ்வகுப்பின் இறுதி அரைமணியை ஆங்கிலச் சொல்வேட்டைக்கு ஒதுக்குவோம். வாரம் ஓர் இரயில் நிலையத்தின் குறியை எடுத்துக்கொள்ளலாம். இந்த வாரம் பாலக்காடு, அடுத்த வாரம் கொல்லம், அதற்கடுத்த வாரம் ஷொரனூர். கைப்பேசி வெளியே இருக்கட்டும். கண்டுபிடித்த ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் பொருள் சொன்னால்தான் மதிப்பெண். பொருள் சொல்லாத சொல், முகவரி இல்லாத மூட்டை. அது எந்த ஊரிலும் இறங்காது.

மூன்றாவது, பெற்றோரும் உடன் அமர வேண்டும். ஆங்கிலம் அறியாத தாய்மார் ஒதுங்க வேண்டா. பாலக்காடு என்ற பெயரிலிருந்து பாக்கையும் பாகலையும் எடுக்க ஆங்கிலம் எதற்கு? பிள்ளை பி.ஜி.டீ.யில் வேட்டையாடட்டும், அன்னை பாலக்காட்டில் வேட்டையாடட்டும். யார் கூடை நிறைகிறது என்று பார்ப்போம்!

ஆங்கிலத்துக்காகத் தமிழை விடவேண்டும் என்பாரும், தமிழுக்காக ஆங்கிலத்தை வெறுக்க வேண்டும் என்பாரும் ஒரே பிழையையே செய்கின்றனர். ஒரு மொழியில் ஆழ வேர் விட்டவனே அடுத்த மொழியில் கிளை பரப்புவான். எல்லையில் வாழும் நமக்கு இரண்டு கரைகளும் வேண்டும். இரண்டுக்கும் பாலம் எழுத்தறிவே. அப்பாலத்தின் முதற் கல்லை நம் குழந்தைகளின் கையில் கொடுத்திருப்பது நன்னூல். அதனைக் கீழே போடச் சொல்லாதீர்கள்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!